எண்ணே பொய் என்றால் எதை பிளாக் செய்வது?

போன மாதம் ஒரு மதியம் பாளையங்கோட்டையிலிருந்து அம்மா அழைத்தாள். "எய்யா, கரண்டாபீஸ்ல இருந்து பேசுதாவ. பில்லு கட்டலையாம். ராத்திரி ஒம்போதரைக்கு லைன கட் பண்ணிருவாவளாம்."

பில் கட்டிப் பத்து நாளாகிவிட்டது, கட்டியவனே நான்தான். ஆனால் அழைப்பு வந்த எண் 0462 என்று தொடங்கியது. திருநெல்வேலித் தரைவழி எண். அம்மா நம்பியது அதனால்தான். நான் அதே எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். எடுத்தவர் குரலில் அலுப்பு தெரிந்தது. "அண்ணாச்சி, இது பாத்திரக்கடை. காலையில இருந்து நீங்க இருபதாவது ஆளு."

அவர் யாரையும் அழைக்கவில்லை. எவனோ ஒருவன் அவருடைய எண்ணை முகமூடியாக மாட்டிக்கொண்டு ஊரையே அழைத்திருக்கிறான். இதற்குத்தான் ஸ்பூஃபிங் என்று பெயர். தபால் உறையில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் சரிபார்ப்பதில்லை. தொலைபேசியிலும் அழைப்பவரின் எண் என்பது, அழைப்பு கிளம்பும் இடத்தில் நிரப்பி அனுப்பப்படும் ஒரு தகவல்தான். இணையவழி அழைப்பு வந்த பிறகு அதைத் திருத்துவது எளிதாகிவிட்டது.

நண்பர்களும் வாசகர்களும் இதைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. பிளாக் செய்தால் போதாதா? ட்ரூகாலர் போடலாமா? விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909இல் பதியலாமா? பேசாமல் நம்பரையே மாற்றிவிடலாமா? ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்ப்போம்.

## எடைக்கற்கள்

நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, காட்டும் எண் பொய்யாக இருந்தாலும் இந்த வழி தாங்குமா? பெரும்பாலான வழிகள் இங்கேயே விழுந்துவிடும்.

இரண்டாவது, இதனால் நமக்கு வேண்டிய அழைப்பு எவ்வளவு தவறும்? நம் ஊரில் முக்கியமான அழைப்புகள் பலவும் சேமிக்காத எண்களிலிருந்துதான் வருகின்றன. கேஸ் சிலிண்டர், கூரியர், ரத்தப் பரிசோதனை நிலையம், பிள்ளையின் பள்ளி வேன் ஓட்டுநர் என்று பட்டியல் நீளும்.

மூன்றாவது, காசு கேட்காவிட்டால் வேறு என்ன கேட்கிறது? நம் தொடர்புப் பட்டியலையா, நேரத்தையா?

நான்காவது, இதை அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியுமா?

அவசரமாகப் படிப்பவர்களுக்கு அட்டவணை முதலிலேயே:

| வழி | போலி எண்ணுக்குத் தாங்குமா | வேண்டிய அழைப்பு தவறுமா | மறைந்திருக்கும் விலை | பெரியவர்களுக்கு |
|---|---|---|---|---|
| எண்ணை பிளாக் செய்வது | தாங்காது | அந்த ஒரு எண்ணோடு சரி | அப்பாவியின் எண் அடைபடும் | எளிது, பலன் இல்லை |
| 1909 | தாங்காது | தவறாது | புகார் எழுதும் நேரம் | ஒருமுறை நாம் செய்து கொடுத்தால் போதும் |
| பெயர் காட்டும் செயலி | அரைகுறை | சில சமயம் | தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம் | பெயரை நம்பி ஏமாறும் ஆபத்து |
| சிம் நிறுவன எச்சரிக்கை | ஓரளவு | தவறாது | ஏதுமில்லை | நல்லது |
| தெரிந்தவர் மட்டும் | நன்றாகத் தாங்கும் | நிறையத் தவறும் | அவசர அழைப்பு | மிக நல்லது, சரியாக அமைத்தால் |
| சக்ஷுவில் (அரசின் மோசடிப் புகார்ப் பக்கம்) புகார் | உடனே பலன் இல்லை | தவறாது | நேரம் | நாம்தான் செய்ய வேண்டும் |
| எண்ணை மாற்றுவது | தாங்காது | ஏராளம் | பல மாத அலைச்சல் | வேண்டவே வேண்டாம் |

## முதலில், உண்மையில் போலி எண்தானா?

தொல்லை தரும் அழைப்பெல்லாம் ஸ்பூஃபிங் ஆகாது. சிம் பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பத்து இருபது சிம்களைச் செருகும் பெட்டி. இணையம் வழியாக எங்கிருந்தோ வரும் அழைப்பை அது உள்ளூர் சிம்மிலிருந்து போகும் அழைப்பாக மாற்றிவிடும். அங்கே எண் உண்மையானது, சிம் வாங்கியவரின் அடையாளம்தான் பொய். மூன்றாவது வகை வெறும் விற்பனைக்காரர்கள். கடன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று சாதாரண மொபைல் எண்ணிலிருந்தே கேட்பார்கள்.

எது என்று அறிய ஒரு சின்ன சோதனை: இந்திய எண் என்றால் சற்று நேரம் கழித்துத் திருப்பி அழைத்துப் பாருங்கள். பாத்திரக்கடைக்காரர் மாதிரி யாராவது குழம்பிப்போய்ப் பேசினால் அநேகமாக ஸ்பூஃபிங். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று வந்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. +91 தவிர வேறு எண்ணுக்குத் திருப்பி அழைக்கவே வேண்டாம், பில் நம் தலையில் விழும்.

## எண்ணை பிளாக் செய்வது

கை தானாகப் போவது இதற்குத்தான். ஸ்பூஃபிங் செய்பவனுக்கு எண் செலவே கிடையாது. காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. நீங்கள் அடைத்தது அவனை இல்லை, பாத்திரக்கடைக்காரரைத்தான். ஒரே எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப வரும் கடன் ஏஜென்ட்டுக்கு பிளாக் சரியான மருந்து. அதோடு சரி.

ஒரு எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு போனின் பிளாக் அமைப்பில் 'அறியாத எண்கள்' என்று ஒரு பொத்தான் இருக்கும். சேமிக்காத எண்கள் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்து அதை அழுத்துகிறார்கள். பெரும்பாலான போன்களில் அது எண்ணையே காட்டாமல் வரும் அழைப்புகளை மட்டும்தான் தடுக்கும்.

## 1909 என்ற டிஎன்டி ('தொந்தரவு செய்யாதே') பதிவு

ஆங்கிலத்தில் ஸ்டார்ட் 0 என்று எழுதி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எல்லா வகை விளம்பர அழைப்புகளுக்கும் தடை. வங்கி விளம்பரம் மட்டும் வேண்டாம், வீட்டுமனை மட்டும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லவும் முடியும். காசில்லை. ஓடிபி மாதிரியான செய்திகள் தொடர்ந்து வரும்.

கட்டுப்படுகிறவர்களைத்தான் இது கட்டுப்படுத்தும். பதிவு செய்த விற்பனை நிறுவனம் அழைப்பதற்கு முன் பட்டியலைப் பார்க்க வேண்டும். திருடன் எந்தப் பட்டியலைப் பார்ப்பான்?

இருந்தாலும் பதிந்து வையுங்கள் என்றே சொல்வேன். காரணம் சுற்றி வளைத்தது: நேர்மையான விளம்பரங்கள் நின்றுபோனால் மிஞ்சுவது சந்தேகத்துக்குரியவை மட்டும். சலித்தெடுப்பது எளிது. விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண் வரிசையும், வங்கி, காப்பீடு, அரசு போன்றவற்றின் சேவை அழைப்புக்கு 1600 வரிசையும் ஒதுக்கியிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கியும் வங்கிகளை இந்த வரிசைகளுக்கு மாறச் சொன்னது. ஆகவே 'பேங்கிலிருந்து பேசுகிறேன்' என்பவர் சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணில் வந்தால் அங்கேயே சந்தேகப்படலாம். 1600இல் வந்தாலும் ஓடிபி சொல்லக் கூடாது, அது வேறு விஷயம்.

புகார் செய்யும் விதியும் 2025 பிப்ரவரியில் கொஞ்சம் தளர்ந்தது. முன்பு 3 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும், இப்போது 7 நாள். பதியாத விற்பனையாளர் மீது சிம் நிறுவனம் நடவடிக்கை எடுக்க முன்பு 30 நாள் இருந்தது, அது 5 நாளாகக் குறைந்தது. புகார் செய்ய டிஎன்டியில் பதிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போய்விட்டது. மூன்றாம் வகையான விற்பனைக்காரர்கள்தான் உங்கள் தொல்லை என்றால், வேறெதையும் தேட வேண்டாம். இதுவே போதும்.

## பெயர் காட்டும் செயலிகள்

இந்தியாவில் இதற்கு மறுபெயரே ட்ரூகாலர்தான். ஸ்வீடன் நிறுவனம், 2009இல் தொடங்கியது, அதற்கு மிகப் பெரிய சந்தை நாம். பயனர்கள் தரும் பெயர்களையும் 'ஸ்பேம்' என்று அவர்கள் போடும் குறிகளையும் சேர்த்து வைத்து நமக்குக் காட்டுவதுதான் இதுபோன்ற செயலிகளின் அடிப்படை.

சிம் பாக்ஸ் அழைப்புக்கு இது நன்றாகவே உதவும். நமக்கு முன்னால் ஐம்பது பேர் திட்டிக் குறி போட்டிருப்பார்கள். போலி எண்ணில்தான் கதை திரும்புகிறது. செயலி எண்ணைப் பார்த்துப் பெயர் சொல்கிறது. எண் பொய் என்றால், செயலி சொல்லும் பெயர் அந்த எண்ணின் உண்மைச் சொந்தக்காரருடையது. ஒரு மருத்துவமனை எண்ணை மாட்டிக்கொண்டு வந்தால் மருத்துவமனைப் பெயரே திரையில் வரும். வெறும் எண்ணாக இருந்திருந்தால் தயங்கியிருப்போம். பெயரைப் பார்த்ததும் நம்பிவிடுவோம். செயலி இல்லாததைவிட மோசமான நிலை இது.

பாதிக்கப்படுவது நாம் மட்டுமல்ல. எங்கள் தெருவில் ஏசி பழுது பார்க்கிறவர் ஒருநாள் தன் போனை நீட்டினார். "சார், கஸ்டமர் யாரும் எடுக்கவே மாட்டேங்குறாங்க." என் போனுக்கு அழைக்கச் சொன்னேன். பெயர் காட்டும் செயலி ஒன்றில் திரை முழுக்கச் சிவப்பு. அவர் எண்ணை யாரோ மாட்டிக்கொண்டு அழைத்திருக்க வேண்டும். அழைப்பு வாங்கியவர்கள் கோபத்தில் குறி போட்டுவிட்டார்கள். கோடைக்காலம், சீசன் நேரம் வேறு. அந்தச் சிவப்பை நீக்க விண்ணப்பித்து, காத்திருந்து, திரும்ப விண்ணப்பித்து முடிப்பதற்குள் ஆடி வந்துவிட்டது.

மற்ற விலை உங்களுக்குத் தெரிந்ததே. அழைப்புப் பதிவு, தொடர்புகள் என்று செயலி கேட்கும் அனுமதிகள். கேட்கிற எல்லாவற்றுக்கும் சரி என்று தட்டாதீர்கள். தொடர்புப் பட்டியல் நம்முடையது என்றாலும் அதில் இருக்கும் எண்கள் மற்றவர்களுடையவை.

யாருக்கு ஏற்றது? நாள் முழுக்கப் புதியவர்களின் அழைப்பை எடுத்தாக வேண்டிய வியாபாரிகள், டிரைவர்கள், புரோக்கர்களுக்கு. பெயரைச் சாட்சியாக எடுக்காமல் வதந்தியாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு. அம்மாவுக்கு வேண்டாம்.

## சிம் நிறுவனமே தரும் எச்சரிக்கை

ஏர்டெல் 2024 செப்டம்பரில் தொடங்கியது: சந்தேகப்படும் அழைப்பு வந்தால் ஸ்பேமாக இருக்கலாம் என்று திரையிலேயே காட்டும். செயலி வேண்டாம், கட்டணமில்லை. மற்ற நிறுவனங்களும் இந்தப் பாதையில் வந்துகொண்டிருக்கின்றன. செயலிகளிடம் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. எண்ணின் பெயரை மட்டும் பார்க்காமல், அது எத்தனை அழைப்பு செய்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று நடத்தையைப் பார்க்கிறது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பேருக்கு அழைத்து ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடி பேசுகிற பாத்திரக்கடை உலகத்தில் கிடையாது அல்லவா. ஆனால் எச்சரிப்பதோடு நிற்கும், மணி அடிக்கத்தான் செய்யும்.

நமக்குத் தெரியாமல் பின்னால் நடக்கும் தடுப்பும் உண்டு. 2024 அக்டோபர் 22 அன்று தொலைத்தொடர்புத் துறை ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வெளிநாட்டிலிருந்து நுழையும் அழைப்பு +91 எண்ணைக் காட்டினால், அந்த சிம் உண்மையிலேயே வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் வாசலிலேயே வெட்டிவிடும். தொடங்கிய முதல் 24 மணி நேரத்தில் 1.35 கோடி அழைப்புகள் வெட்டப்பட்டதாக அரசு சொன்னது. மோசடிக்காரர்கள் உடனே சிம் பாக்ஸுக்கும் வேறு நாட்டு எண்களுக்கும் நகர்ந்தார்கள். எலிக்கு ஒரு வளை போதாதே.

அடுத்தது சிஎன்ஏபி. சிம் வாங்கும்போது கொடுத்த ஆவணத்திலுள்ள பெயரை நிறுவனமே காட்டும் முறை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. செயலியின் ஊர்வம்பைவிட நம்பகமானது. ஆனால் நம் குடும்பங்களில் சிம் யார் பெயரில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். என் தங்கை அழைத்தால் மச்சான் பெயர் வரும். மச்சான் அழைத்தால் அவருடைய அப்பா பெயர் வரும், அவர் காலமாகி ஆறு வருஷம்.

## தெரிந்தவர் மட்டும் மணி அடிக்கட்டும்

போலி எண்ணுக்கு எதிராக உண்மையில் வேலை செய்வது இந்த ஒரு வழிதான். மற்ற எல்லாம் 'கெட்ட எண் எது' என்று தேடுகின்றன, அந்தப் பட்டியலுக்கு முடிவே கிடையாது. இது 'எனக்குத் தெரிந்த எண் எது' என்று மட்டும் பார்க்கிறது. ஊரிலுள்ள எந்த எண்ணை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ள அவனால் முடியும், ஆனால் உங்கள் சித்தியின் எண் எது என்று அவனுக்குத் தெரியாது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. வங்கி, மின்வாரியம் போன்ற ஊரறிந்த எண்களைத் தொடர்பில் சேமித்திருந்தால், அவற்றைப் போட்டுக்கொண்டு வருபவன் நேரே உள்ளே வருவான். அவற்றைச் சேமிக்காதீர்கள், டைரியில் எழுதி வையுங்கள்.

ஐபோனில் சேமிக்காத எண்களை மௌனமாக்கும் வசதி 2019இல் ஐஓஎஸ் 13 உடன் வந்தது. 2025இல் வந்த ஐஓஎஸ் 26 இன்னும் ஒரு படி போய், அழைப்பவரிடம் பெயரும் காரணமும் கேட்டு எழுத்தில் காட்டுகிறது. அருமைதான், ஆனால் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பவர் இயந்திரக் குரலுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். ஆண்ட்ராய்டில் 'தொந்தரவு செய்யாதே' நிலையைப் போட்டு, தொடர்பிலுள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். கூடவே 'மீண்டும் அழைப்பவர்' என்பதையும் இயக்குங்கள். 15 நிமிடத்துக்குள் அதே எண் இரண்டாம் முறை அழைத்தால் மணி அடிக்கும். அவசரம் என்றால் மனிதர்கள் இரண்டு முறை அழைப்பார்கள். வாட்ஸ்அப்பில் 2023 ஜூனில் வந்த இதே வசதியை யோசிக்காமல் போடுங்கள். தெரியாதவர் வாட்ஸ்அப்பில் அழைத்து நல்ல சேதி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

விலை? நான் கொடுத்தேன். பாஸ்போர்ட் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்த வாரம் இதைப் போட்டிருந்தேன். விசாரணைக்கு வரும் காவலர் தன் சொந்த மொபைலிலிருந்து அழைப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் நினைவில்லை. மூன்று மிஸ்டு கால், மூன்று வெவ்வேறு நாள். பிறகு நானே ஸ்டேஷனுக்குப் போய் வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். வேலைக்கு விண்ணப்பித்திருந்தால், வீட்டில் யாராவது மருத்துவமனையில் இருந்தால், பார்சல் எதிர்பார்த்தால் இதை அணைத்துவிடுங்கள்.

அம்மா போனுக்கு நான் செய்தது இன்னும் எளிமையானது. எதையும் மௌனமாக்கவில்லை. தொடர்பிலுள்ள பதினெட்டுப் பேருக்கும் ஒரே நாதஸ்வர ரிங்டோன் வைத்தேன், மற்றதெல்லாம் போனோடு வந்த டிரிங் டிரிங். நாதஸ்வரம் கேட்டால் எடு, டிரிங் கேட்டால் விட்டுவிடு, இரண்டாம் தடவையும் உடனே அடித்தால் எடு, பணப் பேச்சு என்றால் வை. அவள் ஒரே நாளில் பழகிவிட்டாள். அடுப்படியில் இருந்தாலும் திரையைப் பார்க்க ஓடிவர வேண்டியதில்லை என்பதில் அவளுக்குத் தனி சந்தோஷம்.

## சக்ஷுவில் புகார்

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்துக்குள் 2024 மார்ச்சில் வந்த பகுதி சக்ஷு. மோசடி என்று சந்தேகிக்கும் அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் எதையும் இங்கே சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து இந்திய எண் காட்டி வந்த அழைப்புக்குத் தனி இடம் உண்டு. அழைப்பவரின் எண்ணைத் திரிப்பது 2023ஆம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை, ஐம்பது லட்சம் வரை அபராதம்.

நாளைக்கே உங்கள் தொல்லை நிற்கும் என்று எதிர்பார்த்துப் புகார் செய்யாதீர்கள், நிற்காது. பத்துப் பேர் சொன்னால் ஒரு சிம் பாக்ஸ் பிடிபடலாம் என்ற அளவில் செய்யுங்கள். இதற்குச் செயலி கட்டாயமில்லை, இணையதளமே போதும். எல்லாப் புது போனிலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே பதிக்கச் சொன்ன உத்தரவை அரசு 2025 டிசம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. பணம் ஏற்கெனவே போயிருந்தால் சக்ஷுவில் எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

## எண்ணை மாற்றுவது

வேண்டாம். வரிசையாகவோ குருட்டாம்போக்கிலோ அழைப்பவனுக்கு உங்கள் பழைய எண்ணும் புது எண்ணும் ஒன்றுதான். ஆதார், வங்கி, கேஸ், பிஎஃப், ரேஷன் அட்டை, பள்ளி என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியது நீங்கள்தான். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பதால், உங்கள் புது எண்ணோடு முந்தையவரின் கடனும் வந்து சேரலாம். வசூல்காரர்களிடம் 'நான் அவர் இல்லை' என்று நிரூபிப்பது ஸ்பூஃபிங்கைவிடப் பெரிய தொல்லை. குறிப்பிட்ட ஒருவர் உங்களையே குறிவைத்துத் துரத்துகிறார் என்றால் மட்டும் யோசிக்கலாம், அதற்கும் முதலில் போலீஸ்.

## உங்கள் எண்ணையே மாட்டிக்கொண்டால்

பாத்திரக்கடைக்காரர் நிலை. இங்கே தேர்வு குறைவு. அழைத்துத் திட்டுகிறவர்களோடு சண்டை போடாமல் ஒரே வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டு வையுங்கள். மொபைல் எண் என்றால் சஞ்சார் சாத்தியில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள், தெரியாத சிம் இருந்தால் அங்கேயே சொல்லலாம். தொலைபேசி நிறுவனத்திடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பின்னால் யாராவது உங்கள் மீது புகார் கொடுத்தால் அது கைகொடுக்கும். இந்தக் கூட்டம் ஒரே எண்ணில் நெடுநாள் தங்குவதில்லை.

ஊருக்குப் போனபோது அந்தக் கடையைத் தேடிப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் போன், அதன் மேல் செல்லோடேப் ஒட்டிய அட்டை: 'கரண்டாபீஸ் இல்லை. நீங்கள் பில் கட்டிவிட்டீர்கள்.' மூன்று நாள் இதையே வாசித்துச் சொன்னாராம், நான்காம் நாள் அழைப்பு நின்றுவிட்டது. அட்டையைக் கழற்ற மனமில்லை என்றார். அம்மாவுக்கு ஒரு இட்லிக் கொப்பரை வாங்கினேன். பில்லில் கடை எண்ணைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "எய்யா, இது அந்த கரண்டாபீஸ் நம்பர்லா?"